வரப்பு மாறி இறங்கியவர்கள்

என் அண்ணி எழில்மொழியோடு கடைத்தெருவுக்குப் போவதென்றால் எனக்குக் கொஞ்சம் பயம். அவர் வேகத்துக்கு நம்மால் ஈடு கொடுக்க முடியாது. காய்கறிக்காரர் விலை சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கடையில் நிற்பார். அதே ஆள் வயலில் இறங்கிவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். இடுப்பளவு பயிருக்குள், ஒரு காலை வைத்துவிட்டு அடுத்த காலை வைப்பதைப் பற்றி யோசிப்பவர் போல நடப்பார். சில சமயம் நின்றே விடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் நின்றுகொண்டே தூங்குகிறாரோ என்று தோன்றும்.

கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றி விதைக்கென்றே நெல் போடும் வயல்கள் உண்டு. விதைக்கு விடும் வயலில் ஒரே ரகம்தான் நிற்க வேண்டும். போன போகத்தில் சிந்திய நெல் முளைத்து, வேறு ரகம் ஊடே நின்றால் அதற்குக் கலவன் என்று பெயர். அது கொஞ்சம் உயரமாக நிற்கும், கொஞ்சம் முந்திப் பூக்கும், இலையின் பச்சை ஒரு துளி வெளிறியிருக்கும். அதைக் கண்டுபிடித்து வேரோடு பிடுங்கி எடுப்பதுதான் அண்ணியின் வேலை. அவருக்குக் கீழே பெண்கள் செட்டு ஒன்று இருக்கிறது. கதிர் வெளிவரும் பருவத்தில் இரண்டு மூன்று ஊர்க்காரர்கள் அவர்களுக்காகக் காத்திருப்பார்கள்.

நான் அவருடைய நாத்தனார், பெயர் தமிழ்நிலா. திருவாரூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் நானும் வருகிறேன் என்று வயலில் இறங்கி, பெருமையாக ஒரு தூரைப் பிடுங்கிக் காட்டினேன். அண்ணி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஆளுதான் நிலா. பாவம், மன்னிப்புக் கேட்டுட்டு நட்டு வை" என்றார். செட்டு முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு நான் வரப்போடு சரி.

நான்கு வருஷத்துக்கு முந்திய கத்திரி வெயிலில் அவருடைய இடது கண் வலித்தது. அசைத்தால் உள்ளே யாரோ இழுப்பது போல இருக்கிறது என்றார். சில நாளில் அந்தக் கண்ணில் நிறங்கள் வெளுக்க ஆரம்பித்தன. முதலில் போனது சிவப்பு. வாசலில் பூத்த செம்பருத்தியை ஒரு கண்ணால் பார்த்தால் செம்பருத்தி, மறு கண்ணால் பார்த்தால் பழைய செங்கல். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டு அந்தச் செடி முன்னால் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

என் அம்மா ரெங்கம்மாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: சூடு. எங்கள் வீட்டில் சூடு என்பது நோயின் பெயர் அல்ல, தீர்ப்பு. வாய்ப்புண் வந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு, எனக்குக் கோபம் வந்தாலும் சூடு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தார்கள், ஊறவைத்த வெந்தயம் கொடுத்தார்கள், என் அண்ணன் பகலவன் தினமும் இளநீர் வெட்டினான். நாகப்பட்டினத்தில் ஒரு கண் டாக்டரிடம் நான் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் ஒன்றும் இல்லை, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில்தான் ஏதோ இருக்கிறது, தஞ்சாவூர் போய் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்றார் அவர். அண்ணி தலையாட்டினார். அவர் தலையாட்டினால் போக மாட்டார் என்று அர்த்தம்.

அந்த வருஷம் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் சீக்கிரமே வந்தது. ஓடம்போக்கி ஆற்றில் நுரையும் சருகுமாகப் புதுத் தண்ணீர் ஓடியது. அண்ணி புடவையோடு இறங்கி, கழுத்தளவில் கொஞ்ச நேரம் நின்று, ஒரு முங்கு போட்டு எழுந்தார். எழுந்தவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கரையில் காய்ந்துகொண்டிருந்த துண்டைப் பார்த்தார். "செவப்பு" என்றார். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "அத்தை, செவப்பு வந்துடுச்சு" என்றார்.

அந்த நரம்பு சில வாரங்களில் தானாகவே ஓரளவு ஆறும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆறுகிற நேரமும் ஆறு வருகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அடுத்த வெயிலில் வேலை செய்து உடம்பு காய்ந்தபோது இடது கண் மறுபடி வெளுத்தது. தண்ணீரில் நின்றதும் மறுபடி தெளிந்தது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. உறை உரிந்துபோன நரம்புக்குச் சூடு ஆகாது, உடம்பு கொஞ்சம் காய்ந்தாலே சேதி போவது தடுமாறும், உடம்பு குளிர்ந்தால் சரியாகும். டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. ஆனால் சூடுதான் காரணம் என்று ஏற்கனவே தீர்ப்புச் சொல்லிவிட்ட வீட்டில், கண்ணெதிரே அதற்கு இப்படி ஒரு சாட்சி கிடைத்தால் யார் தஞ்சாவூருக்கு பஸ் ஏறுவார்கள்?

சொல்லப்போனால் அந்த இரண்டு வருஷமும் சந்தோஷமாகத்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நானும் அண்ணியும் ஆற்றுக்குப் போவோம். மல்லாந்து மிதப்போம். காது தண்ணீருக்குள் இருக்கும்போது ஊர்ச் சத்தம் எல்லாம் வேறெங்கோ போய்விடும். நம் மூச்சு மட்டும் கேட்கும். மேலே புங்கமரத்தின் இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்து அண்ணியின் வயிற்றின் மேல் உட்காரும். "எனக்கு ஒண்ணுமே இல்ல நிலா" என்பார், கண்ணை மூடிக்கொண்டு. அந்தத் தண்ணீரில் மிதக்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மார்கழியில் வலது கண் வலித்தது.

சம்பா கதிர் வெளிவந்து, செட்டுக்கு வேலை நெருக்கிக்கொண்டிருந்த நேரம். விடிகாலையில் வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். வெயிலைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. அண்ணி யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் வயலுக்குப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் செட்டில் இருந்த காளியம்மாள் அண்ணனிடம் வந்து, "எழிலு இன்னைக்கு நல்ல பயிரா புடுங்குது" என்றாள். அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்து என்னையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான். அவர் வேறெங்கே போயிருப்பார் என்று எங்களுக்குத் தெரியும்.

தண்ணீர் மேல் பனி நின்றது. அண்ணி கழுத்தளவில் நின்றுகொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. நான் கூப்பிட்டதும் திரும்பினார், ஆனால் நான் நின்ற பக்கம் திரும்பவில்லை.

"அண்ணி, வெளிய வாங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் நிலா. நல்லா குளிரட்டும்."

"இதுக்கு மேல எப்படிக் குளிரும்? வாங்க."

அவர் இன்னொரு முறை முங்கினார். எழுந்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அவர் தோளைப் பிடித்தான். அவர் மெதுவாகச் சொன்னது கரையில் நின்ற எனக்கும் கேட்டது.

"தண்ணிக்குக் கேக்கல. ரெண்டு கண்ணும் போயிட்டா நான் என்ன செய்வேன்?"

எனக்கு அழுகை வந்தது. அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. அன்று மத்தியானமே தஞ்சாவூரில் இருந்தோம்.

நரம்பியல் டாக்டர் சலாஹுதீன் நடுவயதுக்காரர், மெதுவாகப் பேசுவார். ஸ்கேனுக்கு நடுவில் கையில் ஒரு மருந்து ஏற்றிவிட்டு மறுபடி படம் எடுத்தார்கள். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது, அந்த மருந்து சாதாரணமாக அதைத் தாண்டாது, தடுப்பு எங்கே திறந்துகிடக்கிறதோ அங்கே மட்டும் கசிந்து வெள்ளையாக மின்னும் என்று விளக்கினார். படத்தில் மூன்று இடம் மின்னியது. ஒன்று வலது கண்ணின் நரம்பில்.

"உடம்பைக் காக்குற வெள்ளை அணுக்கள்ல சிலது இப்படித் தடுப்பைத் தாண்டி உள்ளே போயிருக்கு. நரம்பு மேல இருக்கிற உறையை, இது வெளியாளுன்னு நினைச்சு உரிக்குது" என்றார் டாக்டர்.

அண்ணி, "வரப்பு மாறி எறங்கிட்டாங்க" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சில வருஷம் முன்னால் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து புதுச் செட்டு ஒன்றை எங்கள் ஊருக்கு யாரோ கூட்டி வந்திருந்தார்கள். அந்தப் பெண்கள் ஒரு ரகத்துக்கு என்று சொல்லிக்கொடுத்து இறக்கிவிடப்பட்டவர்கள். வேலை மும்முரத்தில் வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குள் போய்விட்டார்கள். அங்கே நின்றது வேறு ரகம். அவர்கள் கண்ணுக்கு அந்த வயலே கலவனாகத் தெரிந்தது. ஆள் வந்து கத்துவதற்குள் அவர்கள் பாதி வயலைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள், அதுவும் சுத்தமாக.

மறுநாள் மத்தியானம் அண்ணி கையில் ஸ்டீராய்டு ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. வார்டில் மின்விசிறி சுற்றியது, யாரோ ரேடியோவைச் சின்னதாக வைத்திருந்தார்கள். நான் கட்டில் கம்பியில் தலை சாய்த்திருந்தேன். எப்போது கண் செருகியது என்று தெரியவில்லை.

நான் அண்ணியின் ரத்தத்துக்குள் இருந்தேன். வெதுவெதுப்பான சிவந்த வெள்ளம், கரை தெரியாத வேகம். அதில் ஒரு வெள்ளை அணு உருண்டு போனது. பார்த்தால் அது செட்டில் வேலை செய்கிற பெண் போல இருந்தது. தலையில் துண்டு கட்டி, முழுக்கைச் சட்டை போட்டிருந்தது. எல்லோரும் நடுவெள்ளத்தில் போக, அவள் மட்டும் ஓரமாகச் சுவரைத் தொட்டபடி போனாள். மற்ற இடங்களில் அந்தச் சுவரில் சந்து உண்டு. மூளைக்குப் போகிற குழாயில் கிடையாது. ஒரு செல்லும் அடுத்த செல்லும் தையல் போட்டது போல இறுகியிருக்கும். அவள் எத்தனையோ முறை அந்த வழியாகப் போனவள்தான், நின்றதில்லை. இன்று சுவருக்குள்ளிருந்து சின்னச் சின்னக் கொக்கிகள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே ஏதோ வீக்கம், அதனால் சுவரே ஆள் கூப்பிடுகிறது. அவள் கை ஒரு கொக்கியில் பட்டது, நழுவியது, அடுத்ததில் பட்டது. உருள்வது மெதுவானது. பிறகு நின்றுவிட்டாள். சுவரோடு சுவராகத் தட்டையாகிப் படுத்து, தையலைத் தடவிப் பார்த்தாள். ஒரு காலை நுழைத்தாள். உடம்பை இழையாக்கிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போனாள்.

உள்ளே ஒரு குறுகிய சந்து, அதற்கப்பால் இன்னொரு சுவர். சந்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கையில் நரம்பு உறையின் துணுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, "நீ தேடுறது இதுதானா?" என்று கேட்டார்கள். அவள் பார்த்தாள். ஆமாம் என்றாள். இரண்டாவது சுவரும் வழிவிட்டது. அந்தப் பக்கம் வெள்ளி நூல்கள், நீளநீளமாக, உறை போட்டுக்கொண்டு, மினுமினுவென்று சேதி போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு அழகு. அவள் வெளியே நின்ற கூட்டாளிகளைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டுவிட்டுக் குனிந்தாள், உரிக்க ஆரம்பித்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிற நிம்மதிதான் இருந்தது. நான் கத்திப் பார்த்தேன், வாயில் வெள்ளம்தான் புகுந்தது.

"நிலா, கழுத்து சுளுக்கிக்கும். நிமிந்து உக்காரு" என்று அண்ணி என் தலையைத் தட்டினார்.

ஸ்டீராய்டு அந்தக் கலவரத்தை அடக்கியது. பொங்கலுக்குள் வலது கண்ணில் நிறங்கள் திரும்பி வந்தன. எங்கள் தெருவில் கரும்பை யார் வாங்கினாலும் தோலின் ஊதாவைப் பார்க்க அண்ணி போய் நின்றார். ஆனால் டாக்டர் சொல்லியனுப்பியது வேறு. இது திரும்பத் திரும்ப வரும் நோய். மாதம் ஒரு முறை வேறொரு மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். அது அந்த அணுக்களின் கைகளை மூடிவிடும், கொக்கியைப் பிடிக்க முடியாது, வெள்ளத்தோடு போய்விடும். பல வருஷம் ஏற்ற வேண்டியிருக்கும்.

அண்ணி தலையாட்டினார். நான் எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது. மாசி பிறந்தும் அவர் கிளம்பவில்லை.

"நல்லா இருக்குற ஒடம்புல எதுக்குடி மருந்த ஏத்தணும்?" என்றார் அம்மா.

"கண்ணு தெரியுது நிலா. மறுபடி வந்தா ஓடிப் போயிடுவோம்" என்றார் அண்ணி.

"வந்தப்புறம் ஓடுறதா? போன தடவ வந்தது போச்சு. அடுத்த தடவ கண்ணு திரும்பலன்னா?" எனக்குக் குரல் ஏறிவிட்டது. அம்மா என்னையே பார்த்தார். எனக்கும் வெந்தயம் ஊறப்போடப் போகிறார் என்று தெரிந்தது.

கடைசியில், பார்த்த டாக்டருக்கு ஒரு நன்றியாவது சொல்லிவிட்டு வரலாம் என்று சாக்குச் சொல்லித்தான் அவரைக் கிளப்பினேன். ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு போனோம். பழத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு டாக்டர் அந்தப் பழைய ஸ்கேனைக் கணினியில் எடுத்தார். இந்த முறை வேறு பக்கங்களைக் காட்டினார். அங்கங்கே சின்னப் புள்ளிகள். மின்னாத, ஆறிப்போன தழும்புகள். ஒன்றிரண்டு அல்ல.

"இது எப்ப வந்தது டாக்டர்?" என்று அண்ணி கேட்டார்.

"போன ரெண்டு மூணு வருஷத்துல வந்திருக்கும்மா. அந்த அணுக்கள் அப்பப்ப உள்ளே போயிருக்கு. முக்கியமான இடத்துல இல்லாததால உங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"எனக்கு அப்ப ஒண்ணுமே இல்லையே."

"இல்லைதான். நல்லா இருந்திருப்பீங்க."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மத்தியானத்தைத்தான் நினைத்தோம் என்று நினைக்கிறேன். காதுக்குள் தண்ணீர், மேலே புங்கமரம், வயிற்றில் இலை. அவர் மிதந்துகொண்டிருந்த அதே நேரத்தில் அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"அந்த மருந்த ஏத்துனா காவலுக்குப் போற ஆளும் உள்ள போகாதுல்ல? நெசமான திருடன் வந்தா?" என்று அண்ணி கேட்டார். நல்ல கேள்விதான்.

டாக்டர் மழுப்பவில்லை. நிறையப் பேர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும் ஒரு வைரஸ் உண்டு, அது மூளையில் எழுந்துகொண்டால் ஆபத்து, தடுக்கப் போக ஆள் இருக்காது என்றார். அண்ணிக்கு அது இருக்கிற அடையாளம் ரத்தத்தில் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வந்தால் மருந்தை மாற்ற வேண்டும்.

"ரெண்டுலயும் பயம் இருக்கு" என்றார் அண்ணி.

"இருக்குங்க."

அண்ணி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே செவிலியர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "இன்னைக்கே ஏத்த முடியுமா?" என்றார் அண்ணி.

அன்றே முடியவில்லை, அடுத்த வாரம் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு நாள் அண்ணன் அவரை அழைத்துப் போனான். ஒன்றும் நடக்காத ஒரு வருஷம் அது. இந்த மருந்தின் பலனே அதுதான், ஒன்றும் நடக்காமல் இருப்பது. ஆனால் ஒன்றும் நடக்காத நாட்களை நம்பிக் கெட்டவர் அவர். கத்திரி வெயிலில் இடது கண் வெளுத்தபோது அம்மா, மருந்து வேலை செய்யவில்லை என்று கலங்கினார். "இது பழைய தழும்பு அத்தை, வெயில் தாழ்ந்தா போயிடும்" என்று அண்ணியே சமாதானம் சொன்னார். சொல்லிவிட்டுக் கொல்லையில் போய்த் தனியாக நின்றார். நன்றாக இருக்கிற காலையில்கூட, "உள்ள யாரும் போகலன்னு எப்படி நிலா தெரியும்?" என்று கேட்பார்.

வருஷம் முடிந்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் மின்னுகிற அதே மருந்து, அதே அறை. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திரையை அண்ணி பக்கம் திருப்பினார்.

அண்ணி முன்னால் குனிந்தார். பழையதைப் பார்த்தார், புதியதைப் பார்த்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அவர் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

"டாக்டர், பழசுல மூணு வெள்ளையும் எனக்குத் தெரியுது. புதுசுல ஒண்ணும் தெரியல. வலது கண்ணுலயும் தெரியல. மறுபடி கண்ணு போவுதா டாக்டர்?"

"இல்லைங்கம்மா. அங்க ஒண்ணுமே இல்ல. அதனாலதான் தெரியல."

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். டாக்டர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"அந்தப் புதுசை இன்னொரு தடவ காட்டுங்க" என்றார் அண்ணி.